செவ்வாயின் தூசியும் அரியலூர்த் தூசியும்

நண்பா,

இன்று மாலை மொட்டைமாடி நாற்காலியைத் துடைத்தேன். துணி வெள்ளையாகிவிட்டது. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓயவில்லை, நான்தான் ஓய்ந்துவிட்டேன். படியேறினால் முழங்கால் இரண்டும் என்னைப் பற்றிப் புறம் பேசுகின்றன. ஆனாலும் கிழக்கே செவ்வாய் ஏறியிருந்தது. நீ விட்டுப்போன தொலைநோக்கியை எடுத்து வைத்தேன்.

அந்தச் சிவப்புப் பொட்டின் மேல் உனக்கு அப்படியொரு பித்து. நம் காற்றில் நூறில் ஒரு பங்குகூடத் தேறாத அதன் காற்றில் தூசிப் புயல் கிளம்பினால், தரையிலுள்ள கரும்பட்டைகள் மங்கும். அதை அரியலூரிலிருந்தே பிடித்துவிடலாம் என்பாய். அங்கேயும் சிமென்ட் லாரி ஓடுகிறதா என்று நான் கேட்பேன். உன் மனைவி மட்டும் சிரிப்பார்.

இரண்டு முறை, மங்குகிறது என்று வானம் பார்க்கும் குழுவுக்கு எழுதினாய். மற்ற ஊர்க்காரர்களுக்கோ பட்டை பளிச்சென்று தெரிந்தது. “சார், மொதல்ல உங்க ஊர்த் தூசியத் தொடைங்க” என்று ஒருவர் பதில் போட்டார். நீ அன்று சாப்பிடவில்லை என்று உன் மனைவி என் மனைவியிடம் சொல்ல, அது எனக்கு வர, நான் தெருவுக்கே சொன்னேன்.

மூன்றாம் முறை மங்கியபோது நீ எழுதவில்லை. “இதுவும் தப்பாப் போச்சுன்னா டெலஸ்கோப்ப வித்துடறேன்டா” என்றாய். தொலைநோக்கிக் குழாயைப் போர்வையில் சுற்றிக்கொண்டு, பெரம்பலூரில் என் தங்கை வீட்டு மாடிக்குக் கிளம்பினோம். பஸ்ஸில் அது நம் இருவர் மடியிலும் நீட்டிப் படுத்திருந்தது. கண்டக்டர் குனிந்து, “யாருங்க, முடியாதவங்களா?” என்றார்.

“ஆமாங்க, செக்கப்புக்குப் போறோம்” என்றாய், முகம் மாறாமல்.

லாரி போகாத அந்தத் தெருவிலும் பட்டை தெரியவில்லை. தங்கை கொடுத்த காபி ஆறி ஆடை கட்டும்வரை பார்த்தாய். “நம்ம ஊருது இல்லடா. அங்கதான்” என்றாய். எழுதினாய். மறுநாள் குழுவில் மற்றவர்களுக்கும் மங்கத் தொடங்கியிருந்தது. தூசியைத் துடைக்கச் சொன்னவரே வாழ்த்தினார். நீ இரண்டு தட்டு சாப்பிட்டாய். அதையும் தெருவுக்குச் சொன்னேன்.

இன்றும் பட்டை மங்கலாகத்தான் தெரிகிறது. தொலைநோக்கியின் கண்ணாடியைத் துடைத்தாயிற்று. கண் டாக்டரோ புரை என்கிறார். குழுவுக்கு எழுதவில்லை.

எதையும் இன்னோர் இடத்தில் பார்த்துவிட்டே சொல்வது என்ற உன் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. அதனால் தெருவில் என் வம்புக்கு மவுசு போய்விட்டது. செய்தி ஆறிய பிறகே வருகிறேன். உன்னைப் பற்றி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த செய்தியையும் அப்படித்தான் நம்பாமல், இன்னொருவருக்குப் போன் போட்டேன்.

அவரும் அதையேதான் சொன்னார்.