இரண்டு பேர் பெயரில் ஓர் ஏர்கோன் தொழில்

ஜூலை 7, திங்கள்

அண்ணன் தனேஸ்வரன் சிலிபினில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார். மகளிர் விடுதியில் அறையைக் குளிராக்கும் ஏர்கோன் எல்லாவற்றையும் கழுவிக் கொடுக்க என்னைக் கேட்டிருப்பது அவர் காதுக்கும் போய்விட்டது. பதிவு செய்த தொழிலாக இருந்தால்தான் தருவார்களாம்.

"எதுக்கு கலா அலையுற? என் கடை லைசென்ஸ்ல எடு லா. பில்லு என் பேர்ல போகட்டும், வேலையை நீ பாரு."

தேத்தண்ணி கொடுத்தேன். குடித்ததும் வாசல்வரை போய் வழியனுப்பினேன். பதினோரு வருஷம் அடுத்தவர் கடைச் சட்டையைப் போட்டு ஏணி ஏறியாச்சு. போதும்.

ஜூலை 8

கூட்டுச் சேர்கிறாயா என்று ஷஹீதாவைக் கேட்டேன். நாங்கள் வேலை பார்த்த அந்தக் கடையை மூடும்வரை போன் எடுத்தது அவள், ஏணி ஏறியது நான்.

"பாதிப் பாதியா?"

"பாதிப் பாதி."

"சரி, வாரேன்."

கல்யாணத்துக்குக்கூட நான் இவ்வளவு சீக்கிரம் சரி சொல்லவில்லை.

ஜூலை 10, வியாழன்

தொழில் பதிய எஸ்.எஸ்.எம் அலுவலகம் போனோம். ஷஹீதாவுக்குப் பிடித்த பெயரை யாரோ ஏற்கனவே எடுத்துவிட்டார்கள். 'சிலிபின் ஏர்கோன்' என்று வைத்தோம். மலாய்க்காரருக்கும் புரியும், ஏர்கோனும் ஊரும் பெயரிலேயே இருக்கு.

கவுண்டரில் இருந்த அக்கா பொறுமையாகச் சொன்னார்: இது கம்பெனி இல்லை, கூட்டுத்தொழில். தொழிலில் ஒருத்தி கடன் வைத்தால் மற்றவளும் பொறுப்பு. சொந்தச் சொத்தைக்கூடக் கேட்கலாம். புரியுதா? தலையாட்டினோம்.

வண்டியில் திரும்பினோம். சிவப்பு விளக்கில் அவள்தான் ஆரம்பித்தாள்.

"நீ ஓடிட்டா நான் மாட்டிக்குவேன் கலா."

"நீ ஓடினா நான்."

"நான் எங்க ஓட? முட்டி வலி."

சிரித்ததில் பச்சை விழுந்ததே தெரியவில்லை. பின்னால் ஒரே ஹார்ன்.

ஜூலை 11

சான்றிதழ் வந்துவிட்டது. அவள் பெயர் மேலே, என் பெயர் கீழே. கொஞ்சம் எரிந்தது — பொய் எதற்கு?

ஜூலை 26, சனி

விடுதி வேலை. ஷஹீதா பிளாஸ்டிக் போட்டு மூடாமல் தண்ணி பீய்ச்சி அடிச்சிட்டா. உள்ளே இருந்த சர்க்யூட் போர்டு போச்சு! எத்தன தடவ சொன்னேன் — மூடு, மூடிட்டு அடி. கேட்டாளா?

வார்டன் வந்து நின்றார். "யார் செஞ்சது?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. பெயர் என் வாய்வரை வந்தது.

"நாங்கதான் மேடம். மாத்திக் கொடுத்துடுறோம்."

சாயங்காலம் அண்ணன் போன் செய்தார். எப்படித்தான் தெரிந்ததோ!

"அப்பவே சொன்னேன்ல? இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல, என்கூட வா."

"இல்ல அண்ணே. நாங்க பார்த்துக்கிறோம்."

ஜூலை 28

புது போர்டு மாட்டினேன். ஓடுது. பக்கத்துக் கட்டடத்துக்கும் விலை கேட்டார் வார்டன்.

அக்டோபர் 3, வெள்ளி

இன்று மூன்று வீடு. முட்டி வலியோடு ஷஹீதா ஏணிமேல், நான் கீழே பிடித்துக்கொண்டு. மேலிருந்தபடியே தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அடுத்த வாரம் கோலா கங்சார்ல மாமி மக கல்யாணம். ஒரு நாள் லீவு கிடைக்குமா?"

"யார்கிட்ட லா கேக்குற? நீயும்தான் தவுக்கே, பாதி முதலாளி."

ஏணிமேலிருந்து குனிந்து என்னைப் பார்த்தாள்.

"அப்ப ரெண்டு நாள் எடுத்துக்கிறேன்."