அப்பா பெயர் போட்ட நாடா

4-1-1971, பெங்களூர்
கணக்கு பலித்துவிட்டது! இதயத்தில் மின்சாரம் எப்படி ஏறி இறங்குகிறது என்று நான் எழுதிய சமன்பாடுகளைக் கம்ப்யூட்டரில் ஓட்டி, வந்த எண்களைப் புள்ளி புள்ளியாக வரைந்தேன். தங்கச் சுரங்கத்து மெடிக்கல் பரிசோதனையில் அப்பாவுக்கு எடுத்த ஈ.சி.ஜி. நாடாவைக் கெஞ்சி வாங்கி வந்திருந்தேனே, அதன்மேல் வைத்தால் அச்சு அசல். பேராசிரியரிடம் பீற்றிக்கொண்டேன்: "இருபத்தெட்டு வருஷம் பாதாளத்தில் உழைத்த நெஞ்சு சார்!"

15-1-1971, ஊரிகம்
பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தேன். எதிர்வீட்டு முனிரத்தினம் மாமாவிடம் நாடாவைக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"இன்னாம்மா சுலோச்சனா, இது என் நெஞ்சு! உங்க அப்பா டோக்கனை எடுத்துக்கினு நான்தான் போய்ப் படுத்தேன். நம்ம லைன் வீடுங்கள்ல பாதிப் பேரு இப்படித்தான் பாஸாவறான்."

அப்பாவுக்கு மூன்று மாதமாக மூச்சு வாங்குகிறதாம். எனக்கு மட்டும்தான் தெரியாது.

முதலில் என்ன நினைத்தேன்? ஐயோ, பேராசிரியருக்கு என்ன பதில் சொல்வேன் என்று. சீ! நானெல்லாம் ஒரு மகளா?

16-1-1971
அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். தடதடவென்று ஓடியது — நின்றது — மறுபடி ஓடியது. இரண்டு வருஷமாக இதயத்தையே கட்டிக்கொண்டு அழுகிறேன், இந்தக் கையை ஒரு நாள் தொட்டதில்லை.

"அன்ஃபிட்டுன்னு எழுதிட்டா வீட்டுக்கு அனுப்பிடுவாங்கம்மா. உன் படிப்பு முடியட்டும்னு பார்த்தேன்," என்றார்.

எனக்காகவா? ஏன்பா, இந்த நெஞ்சை வச்சிக்கினா தினமும் கேஜ்ல ஏறி சுரங்கத்துக்குள்ள கீழே போனே?

17-1-1971
வெட்கத்தில் சோறு இறங்கவில்லை.

18-1-1971
அப்பா கத்தினார், கெஞ்சினார். நான் விடவில்லை. டாக்டரிடம் இழுத்துப்போய் அவர் பெயரில் அவரையே படுக்க வைத்தேன். நாடா ஓடியது. என் சமன்பாடு எதிலும் வராத கோணல்.

"இனிமேல் கீழே இறங்கவே கூடாது. ஆமாம், போன மெடிக்கல்ல இவர் பாஸானது எப்படி?" என்றார் டாக்டர். ஆள் மாறியதைச் சொன்னேன், மாமா பெயரை மட்டும் சொல்லவில்லை.

2-2-1971, பெங்களூர்
பேராசிரியரிடம் உண்மையைச் சொன்னேன். "கணக்கு தப்பில்லையே, நெஞ்சுதானே வேறு," என்றார். இது ஆறுதலா? படத்தின் மூலையில் 'அப்பா' என்று பென்சிலில் எழுதியிருந்தேன். அழித்தேன். தடம் போகவில்லை.

21-3-1971, ஊரிகம்
அப்பாவை மேலேயே, கீழே இறங்குகிறவர்களுக்கு விளக்கு எடுத்துக் கொடுக்கும் அறையில் போட்டிருக்கிறார்கள். சம்பளம் குறைவு. கம்பெனி கொடுத்த லைன் வீடு மட்டும் தப்பியது. மெடிக்கலில் இப்போது போட்டோவைப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்களாம். முனிரத்தினம் மாமா என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டார். அப்பா இரண்டு மாதமாக என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

இன்று சாப்பிட்டு எழுந்து கை கழுவினார். என் பக்கம் பார்க்காமலே ஈரக்கையை, மணிக்கட்டு மேலே தெரிய, நீட்டினார்.

பிடித்துக்கொண்டேன்.