விளக்குப் பிடித்தவர்

கியாக்டடா, யாங்கோன்
13 ஜனவரி 2019

உங்களுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பது படத்தில் தெரிகிறது.

நேற்றுக் காலை அலோன் துறையில் மீன் பெட்டிகளை இறக்கிவிட்டு, படகுக்காரர் அப்துல் அஜீஸ் தன் போனை என்னிடம் நீட்டினார். "சயாமா, நம்ம அண்ணன் புலி அடிச்சிருக்காரு, பாத்தீங்களா?" என்றார். பெருமையாகத்தான் காட்டினார். வேலையை விட்டு இத்தனை வருஷம் ஆகியும் இந்த ஊரில் நான் சயாமாதான். டீச்சருக்குப் புலி எது பூனை எது என்று தெரியும் என்பதை மட்டும் யாரும் நினைப்பதில்லை.

குளக்கரையில் நீங்கள் நிற்கிறீர்கள். கையில் பெரிய விளக்கு. பக்கத்தில் உங்கள் அக்காள் மகன் உதயசூரியன், தோளில் காற்றுத் துப்பாக்கியுடன். பின்னங்கால்களைப் பிடித்து அவன் தலைகீழாகத் தொங்கவிட்டிருப்பது மீன்பிடிப் பூனை. இருவரும் சிரிக்கிறீர்கள்.

உதயசூரியனுக்குத் தெரியாது, விடுங்கள். உங்களுக்குத் தெரியும். மணமான புதிதில் நான் ஆராய்ச்சிக்காக அந்தப் பூனையைத் தேடி அலைந்தபோது சேற்றில் என் பின்னால் நடந்தவர் நீங்கள்.

மூன்று முறை கூப்பிட்டீர்கள், நான் எடுக்கவில்லை. போனில் நீங்கள் பேசப் பேச நான் 'ம்' கொட்டிக்கொண்டே இருப்பேன். பிறகு அந்த 'ம்' எல்லாம் சம்மதம் என்று ஆகிவிடும். துவாண்டேயில் குளங்களைக் குத்தகைக்கு எடுத்ததும், நீங்கள் அங்கே நான் இங்கே என்று இரண்டு வருஷம் ஓடியதும் அப்படித்தான். எழுதுங்கள். அஜீஸிடம் கொடுத்தால் மறுநாள் வந்துவிடும். கடிதத்தில் மீன் வாடை வந்தாலும் பரவாயில்லை.

தண்ணீர்த் திருவிழாவுக்குப் பிறகு நான் அங்கேயே வந்து இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். யோசிக்கிறேன் என்றேன். இந்தப் படத்துக்குப் பதில் வராமல் யோசிப்பதாக இல்லை.

தெய்வானை


துவாண்டே
16 ஜனவரி 2019

அன்புள்ள தெய்வானைக்கு,

பொங்கலுக்கு உன் குரலைக் கேட்கலாம் என்றுதான் கூப்பிட்டேன். உன் கடிதத்தைப் படித்ததும், நேரில் நின்று திட்டு வாங்கின மாதிரி இருந்தது. அதுவும் ஒருவகையில் சந்தோஷம்தான்.

நான் என்ன செய்ய முடியும், சொல்? விடிந்தால் கரையெல்லாம் தலையில்லாத மீன். பாரி ராத்திரி முழுக்கத் தகரத்தைத் தட்டிப் பார்த்தான். பூனை இரண்டு நாள் பயந்தது. மூன்றாம் நாள் தகரத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து தின்றுவிட்டுப் போனது. (அப்துல் பாரி என் காவலாள். கரையிலேயே குடிசை போட்டு, மனைவி நூர் பீவியோடு இருக்கிறான். போன மழைக்கு நீ வந்தபோது உனக்குத் தவளை வறுத்துக் கொடுக்க நீ ஓடினாயே, அவள்தான்.)

நாங்கள் கண்டபடி சுடுகிறவர்கள் இல்லை. கட்டுப்பாடு வைத்திருக்கிறோம். எங்கள் கரையைத் தாண்டி விளக்கு போகாது. விளக்கு ஒன்றுதான், அதை நான் மட்டும்தான் பிடிப்பேன். கண்ணை மட்டும் பார்த்துச் சுடக்கூடாது, உடம்பு தெரிய வேண்டும். குட்டியோடு வரும் பெட்டையைத் தொடுவதில்லை. அடிபட்டு ஓடினால் தேடிப்பிடித்து முடித்துவிட்டுத்தான் படுப்பது. பாரி தவளை பிடிக்க இறங்குகிற ராத்திரியில் நாங்கள் போவதே இல்லை.

இதெல்லாம் யார் கற்றுக் கொடுத்தது? நீதான். பச்சையும் பொன்னுமாக மின்னினால் பூனை, தரையிலிருந்து கண்ணின் உயரத்தைப் பார், ஒற்றைக் கண் தெரிந்தால் பக்கவாட்டில் நிற்கிறது என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாய். நான் விளக்குப் பிடிக்க நீ எழுதிக்கொண்டே வருவாய். ஒன்றையும் மறக்கவில்லை. உதயனுக்கு அப்படியே சொல்லிக் கொடுத்தேன். "மாமி பெரிய ஆளு மாமா" என்கிறான்.

உனக்காகக் கட்டின அறை முடிந்துவிட்டது. இரண்டு ஜன்னல், இரண்டுக்கும் கொசுவலை அடித்தாகிவிட்டது. ஜன்னலுக்குப் பச்சை அடிக்கவா, மஞ்சளா? எழுது.

உன்,
மூர்த்தி


கியாக்டடா
18 ஜனவரி 2019

உங்களுக்கு,

உங்கள் கட்டுப்பாடுகளைப் படித்தேன். பரீட்சைத் தாளாக இருந்தால் சிவப்பு மையில் திருத்தித் திருப்பியிருப்பேன்.

அஜீஸிடம் அந்தப் படத்தை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். வயிற்றில் முலைக்காம்புகளைச் சுற்றி மயிர் தேய்ந்திருக்கிறது. பால் கொடுத்துக்கொண்டிருந்த தாய் அது. குட்டியோடு வரும் பெட்டையைத் தொடுவதில்லை என்கிறீர்கள். பால் குடிக்கும் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு எந்தப் பூனை மீன் பிடிக்க வரும்? நாணலுக்குள் விட்டுவிட்டுத் தனியாகத்தான் வரும். உங்கள் விதியை வைத்துக்கொண்டு ஒரு தாயைக்கூடக் காப்பாற்ற முடியாது. சுட்ட பிறகு நிம்மதியாகத் தூங்குவதற்குத்தான் அது உதவும்.

உடம்பு தெரிந்த பிறகுதான் சுடுவீர்களாம். அப்படியானால் மூன்று காயம் ஏன்? ஒன்று பின்தொடையில். காற்றுத் துப்பாக்கியால் அந்த அளவு விலங்கை ஒரே அடியில் கொல்ல முடியாது என்று சுடுவதற்கு முன்பே உங்களுக்குத் தெரியும். அது எத்தனை நேரம் இழுத்துக்கொண்டு கிடந்தது என்று நீங்கள் எழுதவில்லை.

அது சட்டம் காப்பாற்றும் விலங்கு என்பதையும் எழுதவில்லை. அதுவும் நான் சொன்னதுதான். அதை மட்டும் மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது.

இன்னொன்றையும் மறந்துவிட்டீர்கள். நாம் வெளிச்சம் போட்டது அங்கே நிற்பது யார் என்று தெரிந்துகொள்ள. தெரிந்ததும் 'திருப்புங்க, திருப்புங்க' என்பேன். நீங்கள் சிரித்துக்கொண்டே விளக்கை வேறு பக்கம் திருப்புவீர்கள். வெளிச்சத்தில் விலங்கு அசையாமல் நிற்பது தைரியத்தால் இல்லை, அதற்குக் கண் தெரியாததால். கண் தெரியாமல் நிற்கிற ஒன்றைச் சுடுவதற்கு எந்தக் கட்டுப்பாடும் மரியாதை சேர்த்துவிடாது. நான் சொன்னதில் பாதியை எடுத்து அந்தப் பையனுக்குக் கொலை செய்யச் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள். அதற்கு என் பெயரையும் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு எவ்வளவு கோபம் என்று எழுதத் தெரியவில்லை.

குளத்துக்கு மேல் வலை கட்டுங்கள். கரையில் இரண்டு நாய் வளருங்கள். நாணலில் குட்டிகளைத் தேடுங்கள். விளக்கை நிறுத்துங்கள்.

தெய்வானை


துவாண்டே
27 ஜனவரி 2019

அன்புள்ள தெய்வானைக்கு,

நிறுத்திவிட்டேன். உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். படித்துவிட்டு உதயனை ஊருக்கு அனுப்பினேன், துப்பாக்கியோடு. வலை கட்ட மூங்கில் வந்து இறங்கியிருக்கிறது. குட்டிகளைத் தேடினோம், கிடைக்கவில்லை.

இனி இந்த விளக்கு எனக்கு எதற்கு? அஜீஸிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். உன் தெருவில்தான் அடிக்கடி மின்சாரம் போகிறதே. அந்தப் படிக்கட்டில் இருட்டில் ஏறாதே.

ஒரு உதவி. வலை வேலையில் பாரிக்குக் கண்ணில் மூங்கில் குத்திவிட்டது. யாங்கோன் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். நூர் பீவிக்கு அங்கே யாரையும் தெரியாது. முடிந்தால் ஒரு நேரம் சோறு கொண்டுபோய்க் கொடு.

ஜன்னலுக்கு நிறம் சொல்லவில்லையே.

உன்,
மூர்த்தி


கியாக்டடா
29 ஜனவரி 2019

அன்புள்ள உங்களுக்கு,

விளக்கு வந்தது. நேற்று அதோடுதான் நாலு மாடி ஏறினேன். கீழ்வீட்டு அம்மா, "மா தெய்வானை வீட்டுக்குக் கலங்கரை விளக்கம் வந்தாச்சு" என்று பர்மியில் கேலி செய்தாள்.

சொன்னால் கேட்கமாட்டீர்கள் என்று நினைத்தே எழுதினேன். கேட்டிருக்கிறீர்கள். நான் எளிதில் நம்புகிறவள் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் அந்த ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்பப் படித்தேன்: நிறுத்திவிட்டேன்.

பாரியை ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறேன். திருவிழா முடிந்ததும் வருகிறேன். லத்தாவில் டியூஷன் படிக்கும் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். ஜன்னல் நிறத்தை வந்து பார்த்துச் சொல்கிறேன்.

உங்கள்,
தெய்வானை


கியாக்டடா
4 பிப்ரவரி 2019

உங்களுக்கு,

நேற்று மீன்குழம்பும் சோறும் எடுத்துக்கொண்டு சாயந்திரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நூர் பீவி தட்டை வாங்கி வைத்தாள். பாரி ஒரு கண்ணில் கட்டோடு படுத்திருந்தார். நலம் விசாரித்துக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போய்விட்டது. பையில் உங்கள் விளக்கு இருந்தது. எடுத்துப் போட்டேன்.

அவர் அலறிவிட்டார். "சுடாத! சுடாத! மனுசன்டா!" என்று இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு கட்டிலிலிருந்து கீழே விழுந்தார். "அந்த லைட்ட அணைங்க சயாமா, அணைங்க!" என்று நூர் பீவி என் கையைப் பிடித்து முறுக்கினாள்.

இருட்டில் அவரைத் தூக்கிப் படுக்கவைத்தோம். மூங்கில் குத்தினவர் வெளிச்சத்துக்கு ஏன் பயப்படுகிறார் என்று கேட்டேன்.

"மூங்கிலுன்னா சொன்னாரு ஒங்ககிட்ட?" என்றாள். "உள்ள இருந்து ஈயக் குண்ட எடுத்து டாக்டரு கையில காட்டுனாரு சயாமா. கண்ணு போயிருச்சு."

ஜனவரி 22, செவ்வாய்க்கிழமை ராத்திரி. பனி. பாரி தவளை பிடிக்க இறங்கியிருக்கிறார், நெற்றியில் சிவப்புத் தாள் ஒட்டின விளக்கோடு. சிவப்பு வெளிச்சத்துக்குத் தவளை குதிக்காது என்று அந்தப் பக்கம் எல்லாரும் செய்வதுதான். இறங்கப்போகிறேன் என்று உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்கினார். நாணலுக்குள் குனிந்திருந்தார்.

"ஒத்தக் கண்ணு தெரியுதுன்னு அந்தத் தம்பி சொல்லுச்சாம். அப்ப சைடு வாக்குல நிக்கிது, அடின்னாராம் அண்ணன். இவரு காதுல விழுந்திருக்கு. வாயத் தொறக்குறதுக்குள்ள அடிச்சிருச்சு."

என் பாடம். என் வார்த்தை. ஒரு மனிதனின் நெற்றி விளக்கைக் காட்டி அதைச் சொல்லியிருக்கிறீர்கள். பச்சையும் பொன்னும்தான் பூனை, சிவப்பு இல்லை என்பதை விட்டுவிட்டீர்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை என் கடிதம் உங்கள் கையில் இருந்தது. நிறுத்துங்கள் என்று எழுதியது வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. என் எழுத்தைப் படித்து நிறுத்தினதாக எழுதினீர்கள். நான் நம்பினேன். நம்பி, வருகிறேன் என்று எழுதினேன். பாரியின் கண் போனதால் நிறுத்தினீர்கள். அதையும் எனக்குச் செய்த மரியாதையாக மாற்றி, அந்த விளக்கையே பரிசாக அனுப்பி, அடிபட்டவருக்கு என்னையே சோறு கொண்டுபோக வைத்தீர்கள். அவர் வாயைத் திறக்கமாட்டார் என்ற தைரியம்தானே?

சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். போலீஸ் கேட்டதற்கு, இருட்டில் யாரோ, தெரியாது என்று சொல்லியிருக்கிறார். "வேணாம் சயாமா, அண்ணன் நல்லவரு," என்கிறார் என்னிடம். "குடிசை அவரு கரையில இருக்கு." இப்போது போலீஸ் அவரையே, அடுத்தவர் குளத்தில் திருட இறங்கினாயா என்று கேட்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை அலோன் துறையில் நிற்பேன். அஜீஸின் படகில் வாருங்கள். இருவரும் போலீஸ் நிலையத்துக்குப் போவோம். நடந்ததை நீங்கள் உங்கள் வாயால் சொல்ல வேண்டும். வராவிட்டால் நான் மட்டும் போவேன்.

தெய்வானை


துவாண்டே
9 பிப்ரவரி 2019

அன்புள்ள தெய்வானைக்கு,

இந்தக் கடிதத்தை அஜீஸ் உன்னிடம் துறையில் கொடுப்பான். கோபப்படாதே. நாளைக்கு முக்கியமான லோடு. வர முடியவில்லை.

நீ நினைப்பது போல இல்லை. சுட்டது உதயன். நான் விளக்கு மட்டும்தான் பிடித்தேன். அவன் என் அக்காள் மகன். போலீஸ் என்று போனால் அவன் வாழ்க்கையே போய்விடும். பாரியை நான் கைவிடமாட்டேன். அவன் எப்போதும் இங்கே இருக்கலாம். அவனுக்கே வேண்டாம் என்கிறபோது உனக்கு எதற்கு? நமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். போனை எடு, தெய்வு. ஐந்து நிமிஷம் பேசினால் புரிந்துகொள்வாய்.

அறை காலியாகவே கிடக்கிறது. நிறம் மட்டும் சொல்லு, நாளைக்கே ஆளைவிட்டு அடித்துவிடுகிறேன்.

உன்,
மூர்த்தி


கியாக்டடா
11 பிப்ரவரி 2019

உங்களுக்கு,

படகு வந்தது. மீன் வந்தது. கடிதத்தைத் துறையிலேயே நின்று படித்தேன்.

நான் மட்டும்தான் விளக்குப் பிடிப்பேன் என்று ஜனவரியில் பெருமையாக எழுதியிருந்தீர்கள். விளக்கு மட்டும்தான் பிடித்தேன் என்று இப்போது எழுதுகிறீர்கள். இருட்டில் சுடுகிறவனுக்கு வேறு கண் கிடையாது. நீங்கள் காட்டின இடத்தில்தான் குண்டு போனது. அடி என்று சொன்னதும் நீங்கள்.

துறையிலிருந்து நேரே போலீஸ் நிலையத்துக்குப் போனேன். உதயசூரியனின் பெயரையும் உங்கள் பெயரையும் சொன்னேன். பூனையைப் பற்றியும் சொன்னேன். ஒற்றைக் கண் என்றால் பக்கவாட்டில் நிற்கிறது என்பது யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார்கள். நான் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்கள். விளக்கை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். எழுதிக்கொண்டவர் எவ்வளவு தூரம் நம்பினார் என்று தெரியாது. உங்களைத் தேடி ஆள் வரலாம். வந்தால் லோடு இருக்கிறது என்று சொல்லாதீர்கள்.

திரும்பும் வழியில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் பாரி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நூர் பீவி மட்டும் படிக்கட்டு வரை வந்தாள். "இனி அந்தக் குடிசைக்கு எப்பிடிப் போறது சயாமா?" என்று கேட்டாள். குடிசைக்குப் போகவேண்டாம் என்றேன்.

போனை எடுக்கமாட்டேன். திருவிழாவுக்குப் பிறகும் வரமாட்டேன். லத்தாவில் பிள்ளைகளிடம் டியூஷன் தொடரும் என்று சொல்லியாகிவிட்டது. எனக்காகக் கட்டின அறையில் பாரியும் நூர் பீவியும் இருக்கட்டும். நீங்கள் கைவிடமாட்டேன் என்று எழுதியிருப்பதை நம்புகிறேனா என்பது வேறு. எழுதியிருக்கிறீர்கள், அந்தக் கடிதம் என்னிடம் இருக்கிறது.

ஜன்னலுக்கு என்ன நிறம் என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். நூர் பீவியிடம் கேட்டேன். நீலம் வேண்டுமாம்.

தெய்வானை