கதவு திறந்த நேரம்

2025 மார்ச் 7, வெள்ளி

கட்டுநாயக்க விமான நிலையம், வேனுக்குள். இருப்பவர்கள்: நான், இவர், மாமி, வேன் ஓட்டும் இன்ஷாப். வேறு யாரும் இல்லை.

பாரிசிலிருந்து கொழுந்தன் சாரங்கன், அவர் மனைவி வித்தியா, பிள்ளை லோஜன், மூவரும் 10.05க்கு இறங்கவேண்டும். இப்போது 11.20. பாரிசிலேயே பிளேனில் ஏதோ கோளாறாம். "பைலட்டுக்கு நித்திர போல அக்கா" என்கிறார் இன்ஷாப். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்று மாசிக் கடைசி வெள்ளி. நாலு மணிக்கு முத்துமாரியம்மன் கோயிலுக்கு என் பால்குடம் போகவேண்டும். ஒன்பது வருசமாக ஒரு வருசமும் விட்டதில்லை. இங்கே பதினொரு மணிக்குக் கிளம்பினால் மூன்றுக்கு மாத்தளை. அப்படித்தான் கணக்குப் போட்டேன். நான் வராமலே இருந்திருக்கலாம். ஆனால் மாமியை பாத்ரூமுக்கு யார் கூட்டிப்போவது? மாமி வராமல் இருப்பாரா? சின்ன மருமகள் வருகிறாளே!

வேன் நிற்கும் நேரத்துக்கும் கூலி உண்டு. அதனால் நேரத்தையெல்லாம் குறித்துவைக்கிறேன்.

1.01 — இறங்கிவிட்டதாகப் போர்டில் போட்டார்கள்.

1.14 — வித்தியா வாய்ஸ் மெசேஜ். "அக்கா, இப்பத்தான் கதவத் திறக்கிறாங்க. பசிக்குதுக்கா..." அதற்குமேல் கேட்கவில்லை. மூடிவிட்டேன். எனக்குப் பசிக்காதா?

2.05 — வெளியே வந்தார்கள்.

6.10 — மாத்தளை அலுவிகாரை, வீடு. கோயிலில் எல்லாம் முடிந்தாயிற்று. மஞ்சள் சேலை மடித்தது மடித்தபடி கட்டிலில் கிடக்கிறது.

மார்ச் 8

குடத்துக்கு வாங்கிவைத்த பாலில் லோஜனுக்கு மைலோ கலக்கியிருக்கிறார்கள். எடுத்துக் கொடுத்தது மாமி.

மார்ச் 11

எல்லாரும் சீகிரியாவுக்குப் போனார்கள். இவரும்தான். மாமியால் ஏறமுடியாது, ஆகவே நானும் வீட்டில்.

லோஜன் வித்தியாவின் போனை ஹோட்டல் நீச்சல் தொட்டிக்குள் போட்டுவிட்டானாம். பழைய மெசேஜ், போட்டோ ஒன்றும் மிச்சமில்லை. வந்து சொல்லி அழுதாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோசமாக இருந்தது. என் கொப்பியில் நான் ஏன் பொய் எழுதவேண்டும்?

மார்ச் 14

தேத்தண்ணி குடிக்கும்போது வித்தியா சொன்னாள்: "அக்கா, ஐரோப்பாவுல இருந்து கிளம்புற பிளேன் மூணு மணித்தியாலம் லேட்டாப் போய்ச் சேர்ந்தா நட்டஈடு குடுக்கணுங்கிறது சட்டம். இவ்வளவு தூரத்துக்கு ஆளுக்கு அறுநூறு யூரோ வரைக்கும். நாங்க எழுதிப் போட்டுட்டோம்."

முழுசாகக் கொடுத்தால் மூன்று பேருக்கும் ஆயிரத்து எண்ணூறு. நம் காசுக்கு ஐந்தே முக்கால் லட்சம் வரும். பாரிசில் காத்திருந்த நேரத்துக்குச் சாப்பாட்டுச் சீட்டும் கொடுத்தார்களாம்! நான் கைக்காசில் ரோல்ஸ் வாங்கி, அதிலும் பாதியை மாமிக்குக் கொடுத்தேன்.

"அப்ப வெளிய காத்துக்கிட்டு இருந்தவங்களுக்கு?" என்று கேட்டேன்.

எல்லாரும் சிரித்தார்கள். "அண்ணியும் ஒரு டிக்கெட் எடுத்திருந்தா கிடைச்சிருக்கும்" என்றார் சாரங்கன்.

"சுசீலா, நீ வேன்லதானே சொகுசா உக்காந்திருந்த" — இது மாமி. "பாவம், அந்தப் புள்ளதான் பிளேன்ல காஞ்சு போயி வந்திருக்கு."

நானும் சேர்ந்து சிரித்தேன். வேறென்ன செய்ய? மூன்று மணித்தியாலம் அவளுக்கும்தான் போனது, எனக்கும்தான் போனது. அவளுடையதற்கு ஒரு விலை இருக்கிறது. என்னுடையது சும்மா.

மார்ச் 22

போய்விட்டார்கள். மாமி சாப்பிடாமல் அழுகிறார். நான் பத்து நாள் அம்மா வீட்டுக்குப் போனால் அழுவாரா? தெரியாது. போனதில்லை.

ஏப்ரல் 24

வித்தியா கூப்பிட்டாள். கம்பெனி மறுத்துவிட்டதாம். பிளேன் 1.01க்கே வந்துவிட்டது, தாமதம் இரண்டு மணித்தியாலம் ஐம்பத்தாறு நிமிடம்தான் என்று எழுதியிருக்கிறார்களாம். நாலு நிமிடத்தில் போச்சு!

"என்ன அநியாயம்" என்று சொல்லிவிட்டு, போனை வைத்துவிட்டு, சாமியறையில் விளக்கேற்றினேன். வியாழக்கிழமை நான் காலையில் மட்டும்தான் ஏற்றுவேன். இது இரண்டாம் விளக்கு. தாயே, எதற்கு ஏற்றினேன் என்று உனக்குத் தெரியும்.

ஏப்ரல் 25

இனி எந்த வழியிலும் கிடைக்காதா என்று உறுதிப்படுத்திக்கொள்ளத்தான் போனில் தேடினேன். எட்டாம் வகுப்போடு நின்ற இங்கிலீஷ், மீதிக்கு அகராதி. மாமி தூங்கிய நேரமெல்லாம் ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன்.

பிளேன் தரையைத் தொட்ட நேரம் கணக்கில்லையாம். வந்து நின்ற நேரமும் இல்லையாம். ஒரு கதவாவது திறந்து, ஆட்கள் இறங்கலாம் என்று ஆகிறதே, அந்த நேரம்தான் வந்த நேரம். ஐரோப்பாவின் பெரிய கோர்ட் சொல்லியிருக்கிறது.

கொப்பியைப் புரட்டினேன். 1.14. மூன்று மணித்தியாலம் ஒன்பது நிமிடம்.

அவளுக்குக் கிடைக்கக்கூடாது என்று தேடப்போய், கிடைக்கிற வழியை நானே கண்டுபிடித்து வைத்திருக்கிறேன்! அவள் போன் செத்துவிட்டது. கதவு திறந்த நேரம் இந்த உலகத்தில் என் கொப்பியிலும் என் போனிலும் மட்டும்தான் இருக்கிறது.

ஏப்ரல் 26

சொல்லவில்லை.

ஏப்ரல் 28

சொல்லவில்லை. மாமி மட்டும் நாள் முழுக்க "வித்தியா பாவம், வித்தியா பாவம்". காலையில் மாமியைக் குளிப்பாட்டும்போது தண்ணீர் கொஞ்சம் சூடு கூடிவிட்டது. வேண்டுமென்று செய்யவில்லை. செய்யவில்லைதானே?

ஏப்ரல் 30

அழித்துவிடலாம் என்று அந்த வாய்ஸ் மேல் விரலை வைத்தேன். விரல் பிசகியதோ என்னவோ, அது பேச ஆரம்பித்தது. கதவு, பசி. பின்னால் பணிப்பெண் இங்கிலீஷில் முன்வாசலால் இறங்கச் சொல்வதும் கேட்டது. நிறுத்தவில்லை. அன்றைக்கு நான் கேட்காமல் மூடிய மிச்சமும் வந்தது:

"...அக்கா, இன்னிக்கு உங்க பால்குடம்ல? நாலு மணிக்குல? ஐயோ, எங்களால கெட்டுச்சேக்கா. நாங்க வேற வேன் புடிச்சு வர்றோம், நீங்க இப்பவே கிளம்பிருங்க. போங்கக்கா."

1.14க்குக் கிளம்பியிருந்தால் ஐந்தே கால். கடைசிக் குடம் ஊற்றும்போதாவது நின்றிருப்பேன்.

அன்றைக்கு வேனுக்குள் என்னோடு இருந்த மூன்று பேரில் ஒருவருக்கும் என் குடம் ஞாபகம் வரவில்லை. இவருக்குக்கூட. பிளேனுக்குள் பசியோடு இருந்தவளுக்கு வந்திருக்கிறது.

மே 2, வெள்ளி

பொறாமை போய்விட்டதா? இல்லை. காலையில்கூட மாமி "என் சின்ன மருமக" என்று அடுத்த வீட்டுக் கமலாட்சியிடம் சொல்லும்போது வயிறு எரிந்தது.

ஆனாலும் கோயிலுக்குப் போய்வந்து, அனுப்பிவிட்டேன். அனுப்பியதை அப்படியே இங்கே எழுதிவைக்கிறேன்.

"வித்தியா, என் கொப்பிப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். நீ அன்றைக்கு அனுப்பிய வாய்ஸும் இருக்கிறது. கதவு திறந்தது 1.14. சட்டத்தில் அதுதான் கணக்கு. இதை வைத்துத் திரும்ப எழுதிப் போடு. ஏப்ரல் 25ஆம் திகதியே எனக்குத் தெரியும், சொல்லவில்லை. ஏன் என்று கேட்காதே. காசில் எனக்குப் பங்கு வேண்டாம். அந்தக் காசில் டிக்கெட் எடுத்து அடுத்த மாசிக்கு வா. கடைசி வெள்ளி முழுக்க மாமியை நீ பார்த்துக்கொள். நான் குடம் எடுக்கணும். வருவியா, மாட்டியா? சீக்கிரம் பதில் போடு."