குழியில் நட்ட வாழை

தனம் அப்பாவுக்கு,

கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும், முதலில் நல்ல சேதி. நம் வாடகைக் காரை விற்க வேண்டாம். பழையபடி ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போகவும் வேண்டாம். ரிப்பேர்ச் செலவு முழுவதையும் ரோட்டு ஆபீசே கொடுக்கிறதாம்.

காலையில் ரோட்டு ஆபீஸ் துரையும் அவருடைய கணக்கெழுதும் கிராணியும் நம் கார் விழுந்த குழியைப் பார்க்க வந்தார்கள். "இது முந்தாநாள் மழையில விழுந்த குழி. போன மாசம் உங்க காரு அச்சு முறிஞ்சதுக்கு நாங்க பொறுப்பில்ல" என்று கிராணி சாதித்தார்.

கார் உடைந்த மறுநாளே, வேறு யாரும் அதில் விழக்கூடாதென்று நான் வாழைக்கன்று நட்டேனே! "ரோட்டுல வாழை வைக்கிற பொம்பளய எங்கயாச்சும் பாத்திருக்கியா? ஊரே சிரிக்குது" என்று கத்தினீர்களே, அந்த வாழையைத்தான் காட்டினேன்.

"ஐயா, முந்தாநாள் விழுந்த குழியில வாழை வேர் புடிச்சு மூணு இலை விடுமா?"

துரைக்குத் தமிழ் தெரியும். சிரித்துவிட்டு அங்கேயே ரிப்பேர்ச் செலவுக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

நாளை குழியை மூடுகிறார்கள். கன்றைப் பெயர்த்துச் சமையல்கட்டுக்குப் பின்னால் நட்டிருக்கிறேன், தண்ணீர் ஊற்றுங்கள். கருவாட்டுக் குழம்பு உறியில் இருக்கிறது. பூனை ஜாக்கிரதை.

நானும் தனமும் பஸ் ஏறி கோத்தா திங்கியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறோம். கோபித்துக்கொண்டு போகவில்லை. கொஞ்சம்தான்.

காத்தாயி

இன்னொன்று: திரும்பும்போது பஸ்ஸில் வரமாட்டேன். கார் சரியானதும் நீங்களே வந்து கூட்டிப் போங்கள். குழி இருந்த அந்த வளைவில் மட்டும் மெதுவாக ஓட்டுங்கள். இனிமேல் உங்களை எச்சரிக்க அங்கே என் வாழை நிற்காது.