நீலக் கவுனுக்கு ஒரு பாக்கெட்

1998 செப்டம்பர் 13, ஞாயிறு

சிட்டு, இன்றைக்கு உன் ஸ்கூல் நோட்டில் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே. நீ எழுதிய பக்கம் எதையும் தொடவில்லை, கடைசிப் பக்கத்திலிருந்து முன்னால் வருகிறேன். எட்டாவதோடு நின்றவள் எழுத்து. கோணலாகத்தான் இருக்கும்.

நீ போய் ஏழு மாதம். மூளைக்காய்ச்சல். அந்த வார்த்தையை ஒரு தடவை எழுதிவிட்டேன். இனி எழுத மாட்டேன்.

டிசம்பர் லீவுக்கு இந்தப் பனி தேசத்திலிருந்து ஊருக்கு டிக்கெட் போடணும் என்று அப்பா சொன்னார். போகிற வழியில் பாங்காக்கில் மூன்று நாள் தங்க வேண்டும் என்று நீதானே போன வருஷம் அடம்பிடித்துச் சம்மதம் வாங்கினாய். "அதெல்லாம் இனி எதுக்கு? நேரா கோயமுத்தூர் போயிரலாம்" என்றார். நானும் சரிங்க என்றேன். உன் தங்கச்சி பிரீத்தி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். எட்டு வயதுக்கு அத்தனை கோபம். உன் கோபம்தான்.

செப்டம்பர் 16, புதன்

ஊரிலிருந்து உன் அப்பத்தா போன். "வரும்போது செகப்புல ஒரு பட்டுப்பாவாடை எடுத்தாந்துரு கண்ணு. புள்ளயக் கன்னியா வெச்சுக் கும்புடோணும்."

உனக்கு இது தெரியாது. கல்யாணம் ஆகாமல் போன பெண்பிள்ளையை நம் வீட்டில் சாமியாக வைத்துக்கொள்வார்கள். ஓலைப்பெட்டியில் புதுத்துணி மடித்து வைத்து, வளையல் வைத்து, வருஷா வருஷம் எடுத்துக் கும்பிடுவார்கள். வீட்டுக்குக் காவலாக இருக்குமாம்.

சரிங்கத்தை என்றேன். வேறு என்ன சொல்ல?

பட்டுப்பாவாடையைக் கண்டாலே நீ ஓடுவாயே. "அரிக்குதும்மா" என்பாய். சாமியாகிவிட்டால் அரிக்காதா?

செப்டம்பர் 27, ஞாயிறு

நோட்டின் நடுவில் ஒரு தாள் மடித்துக் கிடந்தது. இங்கிலீஷ். எழுத்துக் கூட்டிப் பார்த்தேன், பாங்காக் மட்டும் புரிந்தது. பிரீத்தியைக் கூப்பிட்டேன்.

"அம்மா! இட்ஸ் அக்காஸ் பிளான்!"

வகுப்பில் சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு தேசம் கொடுத்தார்களே, உனக்குத் தாய்லாந்து வந்ததே, அப்போது எழுதியது போல. அவள் இங்கிலீஷில் படித்துத் தமிழில் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்.

முதல் நாள் — ஆற்றில் போட். அம்மாவுக்கு வாந்தி வரும், எலுமிச்சம்பழம் எடுக்கணும்.

இரண்டாம் நாள் — படுத்திருக்கும் புத்தர். அவர் பாதம் பெரிசா, அப்பா பாதம் பெரிசா?

மூன்றாம் நாள் — டெய்லர். ஒரே நாளில் தைத்துக் கொடுப்பார்கள். நீலப் பட்டில் கவுன். பாக்கெட்டோடு.

பாக்கெட் என்பதற்குக் கீழே மூன்று கோடு போட்டிருக்கிறாய். கவுனுக்குப் பாக்கெட் எதுக்கடி என்றேன். "ஃபார் ஹெர் ராக்ஸ், அம்மா. யூ நோ."

தெரியும். லாண்ட்ரி ரூமில் உன் துணி சுற்றும்போது நீ பொறுக்கிவந்த கல் கடகடவென்று உருளும். எத்தனை திட்டியிருப்பேன். இப்போது மெஷின் சத்தமே இல்லாமல் சுற்றுகிறது.

அக்டோபர் 19, திங்கள்

தீபாவளி. துக்க வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாதே. கீழ்வீட்டு சாந்தாமணி அக்கா முறுக்கு கொண்டுவந்தார். பேச்சுவாக்கில் பாங்காக் என்று வாய்விட்டுவிட்டேன்.

"வருசம் திரும்பறதுக்குள்ளயா? டூரா? ஏம்மா, ஊர்ல கேட்டா என்ன பேசுவாங்க?"

முறுக்கு டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றேன். படி இறங்கிப் போனவர் பாதியில் திரும்பி வந்தார்.

"அங்க பாம்பெல்லாம் பொரிச்சுத் திம்பாங்களாமே. போறதுன்னா சொல்லு, மூணு நாளைக்கும் கெடாத மாதிரி புளிச்சோறு கட்டித் தர்றேன்."

அக்டோபர் 25, ஞாயிறு

அப்பாவிடம் அந்தத் தாளைக் கொடுத்துவிட்டேன். இரண்டு தடவை படித்தார். பிறகு கீழே குனிந்து தன் காலைப் பார்த்தார். "ஏன்டி, என்ர காலு அவ்வளவு பெருசாவா இருக்குது?"

சிரித்தேன் சிட்டு. நானும் பிரீத்தியும். அப்பாவும்தான். அப்புறம் பாத்ரூமுக்குள் போனார், குழாய் ரொம்ப நேரம் ஓடியது.

வெளியே வந்து, "கவுன் வாங்கிக்கிட்டே ஊருக்குப் போலாம்" என்றார். இந்த எட்டு மாதத்தில் உன்னைப் பற்றி அவராகப் பேசியது இதுதான் முதல் தடவை.

நவம்பர் 8, ஞாயிறு

அத்தைக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"கவுனா? கன்னிக்கு ஆராச்சும் கவுன் வெப்பாங்களா? ரோசனையோடதான் பேசறயா?"

"அவ ஆசப்பட்டதுங்கத்தை."

"சின்னப்புள்ள ஆயிரம் ஆசப்படும். சாமி காரியத்துல வெளையாடக் கூடாது."

அழுகை வந்துவிட்டது எனக்கு. உனக்குப் பிடிக்காததைப் பெட்டிக்குள் வைத்து, அதன் முன்னால் நான் எப்படிக் கும்பிடுவேன்? வருஷா வருஷம்? என்னால் ஆகாது. ஆகவே ஆகாது.

அப்பா போனை என் கையிலிருந்து வாங்கினார். "அம்மா, அவ கேட்டது கவுனு. கவுனுதான்."

லைன் போய்விட்டதோ என்று அப்பா காதை மாற்றி வைத்துப் பார்த்தார். அப்புறம் அத்தை குரல் எனக்கே கேட்டது. "நல்ல நீலமாப் பாத்து எடுக்கச் சொல்லு. வெளுக்காத நீலமா."

டிசம்பர் 17, வியாழன்

பெட்டி கட்டியாகிவிட்டது. அளவுக்கு உன் மஞ்சள் கவுன் எடுத்து வைத்திருக்கிறேன், போன தையில் போட்டது. பாக்கெட் இல்லாதது. எலுமிச்சம்பழம் நாலு.

டிசம்பர் 20, ஞாயிறு. பாங்காக்

வந்துவிட்டோம் சிட்டு. இங்கே டிசம்பரிலும் வேர்க்கிறது.

உன் வரிசைப்படி முதலில் போட். வாந்தி வரவில்லை. பழத்தை பிரீத்திதான் மோந்துகொண்டே வந்தாள். புத்தர் நாளைக்கு. தைக்க ஒரு நாள் வேண்டுமே, அதனால் டெய்லரை மட்டும் இன்றைக்கே பார்த்துவிட்டோம். அவ்வளவுதான் உன் பிளானில் நாங்கள் மாற்றியது.

டெய்லர் தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர். நீலத்தை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டார். பிரீத்தி ஒன்றைக் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்து, "நாட் இட்ச்சி" என்றாள், அரிக்கவில்லையாம். அதையே எடுத்தோம். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "பிள்ளை எங்கே, கூப்பிடுங்கள், அளக்கணும்" என்றாராம். அப்பா என்னைப் பார்த்தார். நான் பையைத் திறந்து மஞ்சள் கவுனை மேஜையில் வைத்தேன்.

அவர் தோள் அளந்தார். இடுப்பு அளந்தார். இது எப்போது போட்ட அளவு என்று கேட்டார்.

"லாஸ்ட் ஜனவரி" என்றார் அப்பா.

அப்போதுதான் என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. நீ மூன்று வயதில் பாவாடை கட்டியதிலிருந்து எந்த டெய்லரிடம் போனாலும் நான் சொல்வதுதான். "குரோயிங் கேர்ள். இன்சைட், டூ இஞ்ச் விடுங்க." வளர்கிற பிள்ளை, உள்ளே இரண்டு இஞ்ச் துணி மடித்துத் தைத்தால் அடுத்த வருஷம் பிரித்துவிடலாம்.

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது.

அப்பா திருத்தவில்லை. பெரியவர் எழுதிக்கொண்டார். பிரீத்தி மேஜையில் எட்டி, "அண்ட் டீப் பாக்கெட்ஸ்" என்றாள்.

நாளைக்குச் சாயங்காலம் கிடைத்துவிடும். போய் அந்த இரண்டு இஞ்ச் வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா என்று ரூமுக்கு வந்ததும் கேட்டேன். "இருக்கட்டும்டி" என்றார் அப்பா.

இருக்கட்டும். ஆனால் உன் வயதில் நான் ஒரே வருஷத்தில் எத்தனை உயரம் போனேன்.

ரெண்டு இஞ்ச் போதுமா, சிட்டு?