அடிகுழாய்க்கு வாஷர் மாற்றியவளுக்கு

சின்னவளின் அம்மாவுக்கு,

நான் நலம். நீயும் குழந்தையும் நலந்தானே? அம்மாவுக்கு மூச்சிரைப்பு குறைந்திருக்கிறதா?

உன் கடிதம் கிடைத்தது. புயலுக்கு முன்பே விறகைத் தார்ப்பாய் போட்டு மூடி, தொட்டியை நிரப்பி, கரண்ட் இல்லாமல் ஐந்து நாள் சமாளித்திருக்கிறாய். மக்கர் செய்த அடிகுழாயைக் கழற்றி நீயே வாஷர் மாற்றினாயாமே. அறையில் எல்லோருக்கும் படித்துக்காட்டிப் பெருமையடித்துக்கொண்டேன்.

எழுத்து கோணலாக இருக்கிறதென்று பயப்படாதே, இடது கையால் எழுதுகிறேன். கிடங்கில் ஷட்டர் சிக்கிக்கொண்டது. வீட்டு நினைப்பில் நானே சரிசெய்யப் போனேன். விரலில் நான்கு தையல், அவ்வளவுதான். சூப்பர்வைசர்தான் கத்தினார்: "உன்னை யாருய்யா தொடச் சொன்னது? அதுக்குன்னு ஆள் இருக்கு. நீ பெட்டியைத் தூக்கினாப் போதும்."

அன்று போனில் சின்னவளிடம், அப்பா சீக்கிரம் வந்துவிடுவேன் என்றேன்.

"எல்லாத்தையும் அம்மாவே சரிபண்ணிட்டாங்க. நீங்க மெதுவாவே வாங்கப்பா" என்றாள்.

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

உன் பழைய புடவையில் ஒரு துண்டு கிழித்து அனுப்பு. இங்கே கட்டுகிற துணி உறுத்துகிறது.

கட்டு மாற்றப் போக வண்டி வந்துவிட்டது. கோழிக்கூட்டுக் கதவு கீல் விட்டுப்போனதாக எழுதியிருந்தாயே, அதையும் நீ ஒரு நாளில் முடித்துவிடுவாய். வேண்டாம். கயிற்றால் கட்டி வை. அது ஒன்றையாவது நான் வந்து செய்கிறேன்.

சின்னவளின் அப்பா